ஹாங்கரில் ஒரு செஸ்னா: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

டெக்சாஸில் ஒரு சின்ன விமானத் திடலில் 1974ஆம் வருஷத்து செஸ்னா 172எம் விமானம் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது, அதில் 900 மணி நேரம் போலப் பறந்திருப்பேன். பிழைப்பு மென்பொருள். மெக்கானிக்கும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. "சொந்தமா பிளேன் வச்சிருக்கியாமே" என்று கேட்கிற நம்மவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் வந்த கேள்விகளை ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அமெரிக்க விதிகள் மட்டும்தான்.

கேள்வி: அண்ணா, சுத்தி வளைக்காம கேக்குறேன். எவ்வளவு ஆகும்? கோடீஸ்வரனா இருக்கணுமா?

வாங்குகிற விலையைக் கூடச் சமாளித்துவிடலாம் தம்பி, வைத்திருக்கிறதுதான் பாடு. என் கணக்கையே சொல்கிறேன். ஹாங்கர், அதாவது விமானத்தை நிறுத்தும் கொட்டகை, அதன் வாடகை மாதம் 350 டாலர், வருஷத்துக்கு 4,200. காப்பீடு 1,600. வருடாந்திரப் பரிசோதனை நல்ல வருஷத்தில் 2,200. ஆக 8,000 டாலர், புரொப்பெல்லர் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல். பறந்தால் மணிக்கு 8 காலன் பெட்ரோல், அது 50 டாலர் பக்கம். இன்ஜினை 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கட்டச் சொல்கிறது அதைத் தயாரித்த லைகாமிங் கம்பெனி. அதற்கு மணிக்கு 20 டாலர் எடுத்து வைக்கிறேன்.

இப்போது வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 100 மணி பறந்தால் மணிக்கு 150 டாலர். 30 மணிதான் பறந்தீர்கள் என்றால் 330ஐத் தாண்டும். பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் இதே மாதிரி விமானம் மணிக்கு 180க்கு வாடகைக்குக் கிடைக்கிறது. 75 மணிக்குக் கீழே பறக்கிறவர் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வாங்குவது இன்னும் நல்லது. ஆனால் பிரியும்போது யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். பங்காளிச் சண்டைக்கு நிலம்தான் வேண்டும் என்றில்லை.

கேள்வி: சார், 1976 மாடல் ஒண்ணு பார்த்தேன். இன்ஜின் வெறும் 400 மணி நேரம்தான் ஓடியிருக்கு. லக்கிதானே?

அந்த 400 மணி எத்தனை வருஷத்தில் ஓடியது என்று கேட்டீர்களா? இருபது வருஷத்தில் என்றால் நான் தொடமாட்டேன். 1,500 மணி ஓடி, வாரா வாரம் பறந்துகொண்டிருக்கும் இன்ஜினை அதைவிட நம்புவேன்.

காரணம் இருக்கிறது. லைகாமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நிறுத்தி வைத்தால் அதன் மேல் இருக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்துபோகும். ஈரக் காற்று பட்டுத் துரு பிடிக்கும். அடுத்த முறை ஓடும்போது அந்தத் துருப்புள்ளியே உளிபோல வேலை செய்து கேமைத் தின்றுவிடும். "மாசம் ஒரு தடவை பத்து நிமிஷம் தரையிலேயே ஓட்டி வச்சுடுவேன்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால் இன்னும் மோசம். எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். தரையில் ஓட்டினால் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

வாங்குமுன் விற்பவரின் மெக்கானிக் அல்லாத ஒருவரை வைத்துப் பாருங்கள். ஒரு சிலிண்டரைக் கழற்றியாவது கேமைப் பார்க்கச் சொல்லுங்கள். பராமரிப்பு விவரம் எழுதும் லாக் புத்தகங்கள் முதல் நாளிலிருந்து இருக்கின்றனவா, அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் கட்டாய உத்தரவுகள் எல்லாம் முடிக்கப்பட்டுள்ளனவா என்பது அடுத்தது. பழைய செஸ்னாவில் இருக்கைத் தண்டவாள உத்தரவு முக்கியம். இருக்கையைப் பூட்டி நிறுத்தும் தண்டவாளத் துளைகள் தேய்ந்துபோனால், மேலெழும்பும் நேரத்தில் இருக்கை சட்டென்று பின்னால் வழுக்கும். ஓட்டுகிறவர் விழாமல் இருக்க ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார், மூக்கு வானத்தைப் பார்க்கும். உயிர்கள் போயிருக்கின்றன. நான் உட்கார்ந்தவுடன் இருக்கையை முன்னும் பின்னும் ஒரு குலுக்குக் குலுக்குவது அதனால்தான்.

கேள்வி: எல்லாத்துக்கும் மெக்கானிக்தான் வரணுமா? காருக்கு ஆயில் நானேதான் மாத்துறேன்.

விமானத்துக்கும் மாற்றலாம். விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தன் கையால் செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது: ஆயில், டயர், ஸ்பார்க் பிளக், பேட்டரி, விளக்கு இப்படி. செய்ததைத் தேதி போட்டு லாக்கில் எழுதிக் கையெழுத்தும் உரிம எண்ணும் போடவேண்டும். பட்டியலில் இல்லாததற்கு மெக்கானிக்தான். வருடாந்திரப் பரிசோதனைக்கு, பரிசோதித்துக் கையெழுத்துப் போட எஃப்.ஏ.ஏ. தரும் ஐ.ஏ. அங்கீகாரமும் உள்ள மெக்கானிக் வேண்டும்.

ஆயில் மாற்றுவதில் எனக்குப் பிடித்த கட்டம், பழைய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது. 50 மணிக்கு அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை. உள்ளே விசிறிமடிப்பாகக் காகிதம் இருக்கும். அதைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பிடித்துச் சாய்த்துப் பார்ப்பேன். கரி மட்டும் என்றால் கறுப்பு. ஜிகினா மாதிரி மினுங்கினால் காந்தத்தை வைப்பேன். ஒட்டினால் இரும்பு, அன்றைக்குப் பறப்பது ரத்து. போன வருஷம் அரிசிக் குருணையில் பாதியளவு இரண்டு துணுக்கு ஒட்டின. போட்டோ எடுத்து மெக்கானிக்குக் காட்டினேன். பத்து மணி பறந்துவிட்டு மறுபடி வெட்டிப் பார்க்கச் சொன்னார். அப்போது ஒன்றும் இல்லை. அந்தப் பத்து மணியும் வீட்டுத் திடலை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரே இன்ஜின். நடுவானத்துல நின்னுட்டா?

கல் மாதிரி விழாது. இன்ஜின் இல்லாமலும் 172 வழுக்கிக்கொண்டே வரும், ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரைக் கடல் மைல். அதற்குள் ஒரு வயலைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நான் பறக்கும்போதெல்லாம் கண் அதைத்தான் தேடும்.

இன்ஜின் நிற்கப் பெரிய காரணம், பெட்ரோலைத் தீர்த்துவிடுவது. கேட்கவே வெட்கமாக இருக்கும், ஆனால் உண்மை. செஸ்னாவின் பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள். இறக்கை மேல் ஏறி, குச்சி விட்டு அளந்து பாருங்கள். பகலில் 30 நிமிஷத்துக்கான பெட்ரோல் மிச்சம் இருக்கவேண்டும் என்பது சட்டம். என் வீட்டுச் சட்டம் ஒரு மணி நேரம்.

இன்னொன்று, கார்புரேட்டருக்குள் பனி. ஒரு மார்ச் மாதம், வெளியே 15 டிகிரி செல்சியஸ், மழை விட்ட ஈரம். நிமிஷத்துக்கு 2,450 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், நான் தொடாமலே 2,300க்கு இறங்கியிருந்தது. சத்தம் அவ்வளவு மெதுவாக மாறியதால் காதுக்குத் தெரியவில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூடக் குளிர்ந்துபோகும், வெளியே ஸ்வெட்டர் தேவையில்லாத நாளிலும். கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழை முழுசாக இழுத்தேன். உடனே இன்ஜின் இருமியது. உருகிய தண்ணீரைக் குடிக்கிறது, வேறொன்றும் இல்லை. அந்த நேரத்தில் பயந்து குமிழைத் திரும்பத் தள்ளுவதுதான் தப்பு. அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தொண்டை சரியானது.

கேள்வி: நாலு சீட்டுதானே, நாலு பேர் ஊர் சுத்தலாமா?

என் விமானத்துக்கு அனுமதித்த மொத்த எடை 2,300 பவுண்டு. வெறும் எடை 1,430. டாங்கை நிரப்பினால் 38 காலன், காலனுக்கு 6 பவுண்டு வீதம் 228. மிச்சம் 642. நம் வீட்டுப் பெரியவர்கள் நாலு பேரை ஏற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முறுக்கு டப்பாவுக்கு இடம் இருக்காது. ஆகஸ்ட் வெயிலில் காற்று லேசாகி ஓடுபாதை இன்னும் நீளமாகத் தேவைப்படும். நான் மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதில்லை.

கேள்வி: பயணிகளிடம் காசு வாங்கலாமா?

தனியார் விமானி உரிமத்தில் லாபம் பார்க்கக்கூடாது. பெட்ரோல், திடல் கட்டணம், வாடகை விமானமென்றால் அந்த வாடகை, இவற்றைச் சமமாகப் பங்கிடலாம். உங்கள் பங்கை நீங்கள் கட்டியே ஆகவேண்டும்.

கேள்வி: அண்ணே, வானிலை மோசமானா மெதுவா மேகத்துக்குள்ள புகுந்து வெளிய வந்துடலாம்ல?

கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லையென்றால் வரமுடியாது. 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அந்தப் பயிற்சி இல்லாத 20 பேருக்கு வெளிப்பார்வையை மறைத்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி. காதின் உட்பகுதி ஏமாற்றும், விமானம் சரிந்திருக்கும்போது நேராக இருப்பதாகச் சொல்லும். 1999 ஜூலையில் அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் மகன் தன் பைப்பர் விமானத்தில் மனைவியோடும் மச்சினியோடும் கடலில் விழுந்து இறந்தபோது மேகம்கூட இல்லை. இரவு, கடல், மங்கலான வானம், அவ்வளவுதான்.

நான் தீபாவளிக்கு வீடு திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரில் இரண்டு இரவு மாட்டிக்கொண்டேன். மேகம் 600 அடிக்கு மேல் ஏறவேயில்லை. மோட்டலில் உட்கார்ந்து வீடியோவில் மத்தாப்பு பார்த்தேன். வீட்டில் திட்டு கிடைத்தது. ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: பத்து வருஷத்துல ரொம்ப பயந்த நாள்?

பயந்தேன் என்பதைவிட அசிங்கப்பட்டேன். வேலை நெருக்கடியில் ஆறு வாரம் ஹாங்கர் பக்கமே போகவில்லை. ஒரு சனிக்கிழமை அவசரமாகக் கிளம்பினேன். ஓடுபாதையில் முழு வேகம் கொடுத்து ஓடுகிறது, வேகமானி முள் அசையவே இல்லை. நல்ல வேளை, நீளமான ஓடுபாதை. இழுத்து நிறுத்தித் திரும்பினேன். இறக்கைக்குக் கீழே காற்றை அளக்கும் சின்னக் குழாய் இருக்கும், பிட்டோ. அதற்குள் குளவி மண் அடைத்திருந்தது. எங்கள் ஊரில் குளவி வீட்டில் கூடு கட்டினால் விசேஷம் வரும் என்பார்கள்.

அந்தக் குழாய்க்குச் சிவப்பு உறை ஒன்று உண்டு, விலை பத்து டாலர். அன்றைக்கு அது ஹாங்கர் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது விமானத்தைத் தள்ளி உள்ளே வைத்ததும் முதல் வேலை அதை மாட்டுவது. சாவியும் அந்த உறையோடுதான் கட்டியிருக்கிறது, உறையைக் கழற்றாமல் சாவி கைக்கு வராது.