படகைக் காட்டாத பயிற்சியாளருக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டை. கணவர் காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், எடை 49 கிலோ. ரோயிங் என்கிற துடுப்புப் படகுப் பந்தயத்தில் சேர்த்தால் ஆறு மாதத்தில் நேஷனல் சர்டிபிகேட் நிச்சயம், அதை வைத்து இன்ஜினீயரிங் சீட் வாங்கலாம் என்று ஓர் அகாடமிக்காரர் 45,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். "கடல்ல பொறந்த பையனுக்குத் துடுப்பு போடச் சொல்லித் தரணுமா?" என்கிறார் கணவர். குள்ளமான பையனுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்கிறார்கள் பக்கத்தில். மீதிப் பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பையனை ரோயிங்கில் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். அந்த அகாடமிக்காரர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு விற்கிறார், அவ்வளவுதான்.

முதலில் கணவர் சொன்னதைப் பார்ப்போம். கடல் பழக்கம் வீண் இல்லை. படகு ஆடும்போது பதறாத உடம்பு, காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்கிற கணக்கு, இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் துடுப்பு போடும் முறை அடியோடு வேறு. ரோயிங்கில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். துடுப்பு கையில் தனியாக இருக்காது, படகுக்கு வெளியே நீளும் ரிக்கர் என்ற கம்பிச் சட்டத்தில் பூட்டியிருக்கும். இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். காலணி படகோடு சேர்த்தே பொருத்தியிருக்கும். மடக்கிய காலை உதைத்து நீட்டுவதில்தான் பாதிக்கு மேல் பலம் வருகிறது. கை கடைசியில்தான் மடங்கும். கடலில் போய்ப் பழகிய பையன்கள் முதல் நாளே தோளாலும் கையாலும் இழுப்பார்கள், பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். அதை மறக்க வைப்பதுதான் என் முதல் மாத வேலை.

இன்னொன்று, இது கூட்டு வேலை. எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், அகலமோ ஓர் ஆள் உட்காரும் அளவு. எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்கி ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். ஸ்ட்ரோக் என்று ஓர் இருக்கை உண்டு. அதில் இருப்பவர் வைப்பதுதான் தாளம், மற்ற ஏழு பேரும் அவரைப் பின்பற்ற வேண்டும். ஒருத்தர் மட்டும் அதிக பலம் காட்டினால் படகு வேகமாகப் போகாது, சாயும். துடுப்பின் தகடு தப்பான கோணத்தில் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால் பிடி வந்து நெஞ்சில் இடிக்கும். இதற்கு நண்டு பிடிப்பது என்றே பெயர். காசிமேட்டில் நண்டு பிடித்தால் காசு, இங்கே பிடித்தால் பந்தயம் போச்சு.

ஒலிம்பிக்கில் வழக்கமான தூரம் 2,000 மீட்டர். உலகத் தரத்து ஆண்கள் எட்டுப் பேர் படகு அதை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆளுக்கு ஒரு துடுப்பு என்றால் ஸ்வீப், ஆளுக்கு இரண்டு என்றால் ஸ்கல்லிங். ஒற்றை ஆள், இரண்டு பேர், நான்கு பேர், எட்டுப் பேர் என்று பிரிவுகள் உண்டு. இப்போதைக்கு உங்களுக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது உயரம். பக்கத்தில் சொன்னது பெரும்பாலும் சரிதான். கை கால் நீளமாக இருந்தால் ஒவ்வொரு இழுப்பும் நீளமாக வரும், அதனால் நல்ல அணிகளில் ஆறடி ஆட்கள்தான் அதிகம். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் பையனுக்காகவே செய்தது மாதிரியான விதிவிலக்கு என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எட்டுப் பேர் படகில் உண்மையில் ஒன்பது பேர் இருப்பார்கள். ஒன்பதாவது ஆள் காக்ஸ். அவர் துடுப்புப் போடுவதில்லை. எட்டுப் பேரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க, முன்னால் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். சுக்கானைக் கையிலிருக்கும் கயிற்றால் திருப்புவது, எப்போது வேகம் கூட்டுவது என்று குரல் கொடுப்பது, பக்கத்துப் படகு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று சொல்வது, யாருடைய துடுப்பு தாமதமாக இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சுக்கானை அதிகம் திருப்பினால் படகின் வேகம் குறையும். அதனால் நல்ல காக்ஸ் முன்கூட்டியே பார்த்து மிகக் கொஞ்சமாகத் திருப்புவார். காற்றும் நீரோட்டமும் தெரிந்த பையனுக்கு இதில் பாதி வேலை வீட்டிலேயே கற்றதுதான்.

காக்ஸ் துடுப்புப் போடாத சுமை என்பதால் சின்ன உடம்புக்காரரைத்தான் தேடுவார்கள். ஆனால் உலகப் போட்டி விதிப்படி குறைந்தபட்ச எடை 55 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் குறைகிற அளவுக்கு மணல் மூட்டை போன்ற எடையைப் படகில் அவருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். உங்கள் பையன் 49 கிலோ என்றால் ஆறு கிலோ மூட்டை வரும். ஆகவே "காக்ஸ் ஆகணும்னா சாப்பாட்டைக் குறை" என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால் அவருக்கு விதியே தெரியாது என்று அர்த்தம். வளர்கிற வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டால் கடைசியில் மூட்டையின் எடைதான் கூடும். 2017-லிருந்து உலகப் போட்டிகளில் ஆண்கள் படகுக்குப் பெண்ணும், பெண்கள் படகுக்கு ஆணும் காக்ஸாக இருக்கலாம். ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக்கில் காக்ஸ் இருப்பது எட்டுப் பேர் படகில் மட்டும்தான். ஜூனியர் உலகப் போட்டியில் நான்கு பேர் படகுக்கும் உண்டு. சின்னப் போட்டிகளில் எட்டுப் பேர் படகே இறங்காமல் போகும், அப்போது காக்ஸுக்கு வேலை இல்லை. அதனால் பையன் துடுப்பும் பழகட்டும். பதினாறு வயதுக்குமேல் திடீரென நான்கு அங்குலம் வளர்ந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 45,000.

எட்டுப் பேர் படகு ஒன்று புதிதாக வாங்கினால் ஒரு நல்ல கார் விலைக்குக் குறையாது. அதை வைக்க நீளமான கொட்டகை வேண்டும், இறக்க ஒரு மேடை வேண்டும், பயிற்சியாளர் கூடவே வந்து கவனிக்க ஒரு மோட்டார் படகும் வேண்டும். அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: பணத்தை எடுக்கும் முன்னால் படகைக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ வேண்டாம், வீடியோ வேண்டாம், நேரில். "இப்போ ஜிம்ல மெஷின்ல பழகுவான், அப்புறம் தண்ணி" என்பார்கள். உட்கார்ந்து துடுப்புப் போடுவது மாதிரி இழுக்கிற, எர்கோ என்கிற அந்த மெஷின் நல்லதுதான், நாங்களும் அதில்தான் உடம்பைச் சோதிப்போம். ஆனால் அது தரையில் இருக்கிற மெஷின். அதிலேயே இன்டோர் போட்டி ஒன்று நடத்தி மெடல் மாட்டிவிட்டு, அதையே ரோயிங் நேஷனல் என்று பெற்றோரிடம் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நேஷனல் என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். நான்கு மாநிலத்திலிருந்து நாலு பேரைக் கூட்டி எந்த அறக்கட்டளையும் 'தேசிய ஓபன்' நடத்தலாம், தடுப்பார் இல்லை. கணக்கில் வருவது இந்திய ரோயிங் சம்மேளனமும் அதனுடன் இணைந்த மாநிலச் சங்கமும் அனுப்பிய போட்டி. கயாக், கனூ, டிராகன் படகு எல்லாம் வேறு சம்மேளனம், வேறு விளையாட்டு. கேரளத்து வள்ளம்களி இதில் எதிலுமே சேராது. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் எந்த விளையாட்டு, எந்த மட்டத்துப் போட்டி, எத்தனை மதிப்பெண் என்று போட்டிருப்பார்கள். அகாடமிக்காரர் வாயால் சொல்வதைக் கேட்காமல் அதைப் பாருங்கள். வேலைக்கான சான்றிதழ் என்றால் அதற்கென்று அரசு வகுத்த படிவங்கள் இருக்கின்றன. மாநிலத்துக்காக ஆடியவருக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, கையெழுத்திடும் அதிகாரியும் வேறு வேறு. சம்மேளனச் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் ஏற்ற வேண்டும் என்று விளையாட்டு அமைச்சகம் 2024-ல் கொண்டுவந்தது. "உங்க சர்டிபிகேட் டிஜிலாக்கர்ல வருமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

எனக்குத் தெரிந்த வியாசர்பாடிப் பையன் ஒருவன் தங்கநிற முத்திரை வைத்த மூன்று சான்றிதழோடு சரிபார்ப்புக்குப் போனான். மூன்றையும் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் நன்றாகவே துடுப்புப் போடுவான், அதுதான் எனக்கு ஆற்றாமை. ஆறு மாதத்தில் நேஷனல் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தேர்வுப் போட்டி என்று ஒன்று இருக்கிறது.

இந்த ஆட்கள் முளைப்பதற்குக் காரணம் வடசென்னையில் வேறு வழி இல்லாததுதான். மெட்ராஸ் போட் கிளப் 1867-லிருந்து அடையாற்றில் இருக்கிறது, அது உறுப்பினர் கிளப். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி நந்தனத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, விடியற்காலைப் பயிற்சிக்கு நேரத்தில் போய், மறுபடி ஸ்கூல் மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். எந்தப் பிள்ளையால் முடியும்? எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது, அகலமான தண்ணீர். அதில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி மேடாக்கினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. ஊர் முழுக்கத் துடுப்புப் பிடித்த கை. ஒரு கொட்டகை, நான்கு படகு, ஒரு பயிற்சியாளர் போதும், கேட்டால் கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள். அந்தக் கோப்பு எத்தனை வருடமாக மேலேயே இருக்கிறதோ!

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலரைப் பாருங்கள். மாநில ரோயிங் சங்கத்தில் புதியவர்களைச் சேர்க்கும் நாள் எது என்று எழுத்தில் கேளுங்கள். பையனுக்கு நீச்சல் தெரியும் என்றாலும் பயிற்சியாளர் முன்னால் ஒருமுறை நீந்திக் காட்டட்டும், நீச்சலைச் சோதிக்காமல் படகில் ஏற்றுகிறவரிடம் விடாதீர்கள். 5,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் அதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஜிபே பதிவையும் வாட்ஸப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள்.

அகாடமிக்காரர் படகைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் படகு போன வாரம் தண்ணீரில் இறங்கியதா, மூன்று வருடமாக வெயிலில் காய்கிறதா என்பது கணவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.