புகைப்படம் வந்த பிறகு பழைய ஃபேஷன் ஓவியங்களில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. துணி உடம்பில் எப்படி விழுகிறது என்பதைப் புகைப்படத்தைவிட அந்த ஓவியங்கள் தெளிவாகச் சொல்லித்தரும்.

நான் மொரீஷியஸில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், சாம்பிள் தைக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வருவது தட்டையான கோட்டுப்படம்: தையல் எங்கே, ஜிப் எங்கே, எத்தனை சென்டிமீட்டர். துணி வெட்டுபவருக்கு அது போதும். உடுத்தினால் எப்படி இருக்கும் என்பது அதில் தெரியாது. அந்தக் குறைதான் என்னைப் பழைய ஓவியங்களிடம் கொண்டுபோனது.

பாரிஸில் பால் புவாரே இடுப்பை இறுக்கும் கோர்செட்டைக் கைவிட்டு, நேராக விழும் உடைகளைத் தைத்தார். அவற்றை 1908இல் பால் இரீப், 1911இல் ஜார்ஜ் லெபாப் வரைந்து தொகுப்புகளாக வெளிவந்தன. அச்சிட்ட முறைதான் முக்கியம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில் வெட்டி, அதன்மேல் கையாலேயே வண்ணம் பூசுவார்கள். நிறம் தட்டையாக, அடர்த்தியாக நிற்கும். நிழலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. நேராக விழும் உடைக்கு இதைவிடப் பொருத்தமான அச்சை நான் பார்த்ததில்லை. 1912 முதல் 1925 வரை வந்த ‘காஸெத் து போன் தோன்’ இதழில் ஜார்ஜ் பார்பியே வரைந்த பக்கங்களைத் தேடிப் பாருங்கள், புரியும்.

1932 ஜூலையில் வோக் இதழ் முதல்முறையாக வண்ணப் புகைப்படத்தை அட்டையில் போட்டது; எடுத்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன். அப்புறம் ஓவியர்களுக்கு இடம் குறைந்துகொண்டே போனது. ஆனாலும் என் மனதுக்கு மிக நெருக்கமான ரெனே க்ருவோ, டியோர் என்ற பாரிஸ் ஃபேஷன் நிறுவனத்துக்காக வரைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். 1947இல் வந்த மிஸ் டியோர் வாசனைத் திரவியத்துக்கு அவர் வரைந்த விளம்பரத்தில் பெண்ணும் இல்லை, உடையும் இல்லை. ஓர் அன்னம், கழுத்தில் முத்துமாலை, ஒரு கறுப்பு ரிப்பன், அவ்வளவுதான். எதை வரையாமல் விடுவது என்று இவ்வளவு துணிச்சலாக முடிவெடுத்தவர்கள் குறைவு.

1960களிலிருந்து 1987இல் இறக்கும்வரை வரைந்த அன்டோனியோ லோபஸ் வேறு வகை. ஒரே பாணியில் நிற்கவே மாட்டார். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். அந்தத் தெருக்களின் வேகம் அவர் படங்களில் இருக்கும்.

கற்றுக்கொள்ளத் தொடங்குவதென்றால் க்ருவோவிலிருந்து தொடங்குங்கள். அவர் கோட்டை எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். பிறகு வீட்டில் யாராவது சேலை கட்டியிருக்கும்போது கொசுவத்தை வரைந்து பாருங்கள். எல்லா மடிப்பும் வேண்டாம். இடுப்பில் செருகிய இடமும் பாதத்தருகே விரியும் இடமும் போதும். இங்கே தைப்பூசக் காவடியன்று கோவிலைச் சுற்றி எங்கும் பிங்க் நிற உடைகள்தான். அனுமதி கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் வரைய அருமையான நாள். பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு, தூரிகையும் கறுப்பு மையும் எடுத்துப் போங்கள்.