கைநீட்டிய கிளையில் ஒரு குழிவிரியன்

கேள்வி: சென்ற மழைக்காலத்தில் நானும் என் கணவரும் வால்பாறைக்கு அருகே, வனத்துறை வழிகாட்டியுடன் ஓர் ஓடையோரமாக நடந்துகொண்டிருந்தோம். வழுக்காமல் இருக்கப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் கைநீட்டிய கிளையிலேயே ஒரு பச்சைநிறப் பாம்பு அசையாமல் சுருண்டிருந்தது. வழிகாட்டி என் கையைத் தட்டிவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் தலை முக்கோணமாகவும், கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு குழியுடனும் தெரிந்தது. அது நஞ்சுள்ளதா? மீண்டும் போக இருக்கிறோம். பாம்புக்கடி மருந்தைக் கையோடு எடுத்துச் செல்லலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: நஞ்சுள்ளதுதான். நீங்கள் கண்ட அந்தக் குழி குழிவிரியன் இனங்களுக்கே உரியது. நம் ஊர் வேலிகளில் தொங்கும், கூர்மூக்குடைய பச்சைப்பாம்புக்கு அது கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் மலபார் குழிவிரியனாக இருக்கக்கூடும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என ஒரே இனத்துக்குள்ளேயே பல நிறங்களில் அது காணப்படுவதால், நிறத்தை மட்டும் வைத்துப் பாம்பை அடையாளம் காண முயல வேண்டாம். அந்தக் குழி வெப்பத்தை உணரும் உறுப்பு. இரவில் தவளையோ எலியோ அருகில் வந்தால் அதன் உடற்சூட்டிலோ அசைவிலோ இரையை அறிந்துகொள்ளும் இந்தப் பாம்பு, பகலெல்லாம் ஓடையோரக் கிளையிலும் பாறையிலும் இலையோடு இலையாகக் கிடக்கும். நாம் நெருங்கினாலும் விலகி ஓடாமல், அசையாதிருப்பதையே தன் பாதுகாப்பாக அது நம்பியிருப்பதால்தான் நம் கை அதன்மீது பட நேர்கிறது. கண் பார்க்காத இடத்தில் கையையோ காலையோ வைக்காமலிருப்பதே காட்டில் முதன்மையான பாதுகாப்பு. வழியில் விழுந்துகிடக்கும் மரத்தை எட்டித் தாண்டாமல், அதன்மேல் ஏறி நின்று மறுபுறத்தைப் பார்த்த பிறகு இறங்குங்கள்.

குழிவிரியன் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் வரும். மலபார் குழிவிரியனால் உயிரிழப்பு அரிது. ஆனால் அதே காடுகளில் சருகுக்குள் கிடக்கும், ஒன்றரை அடிக்கும் குறைவான, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த இன்னொரு குழிவிரியனை நான் இலேசாக எண்ணமாட்டேன். இலங்கையிலும் மிகுதியாகக் கடிக்கும் அந்த இனம், சிலருக்கு இரத்தம் உறையாமற் போகவும் சிறுநீரகம் செயலிழக்கவும் காரணமாகிறது.

மருந்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராக, குதிரைகளின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து தயாரிக்கப்படுவது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. குழிவிரியன்களின் நஞ்சு அந்த நான்கில் அடங்காது. மலையடிவாரப் புதர்க்காடுகளில் கண்ணாடிவிரியன் கடித்தால் மருந்து வேலை செய்யும் என்றாலும், அப்போதும் அதை நீங்களே செலுத்திக்கொள்ள இயலாது. முதலிலேயே பத்துக் குப்பிகள் வரை நரம்பு வழியே ஏற்ற வேண்டியிருக்கும், குதிரைப் புரதத்துக்கு உடல் ஒவ்வாமை காட்டினால் மூச்சே அடைத்துப்போகும், அதைச் சமாளிக்க அட்ரினலினும் மருத்துவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மருந்துக்குப் பதிலாகத் தகவலைச் சேகரித்துக்கொண்டு செல்லுங்கள். புறப்படும் முன்பே, பாம்புக்கடிக்கு இரவிலும் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை எது, அங்கே செல்ல எவ்வளவு நேரம் ஆகும், வழியில் கைபேசிக்குச் சிக்னல் எங்கே கிடைக்கும், 108 வண்டி எதுவரை வரும் என்பவற்றை வழிகாட்டியிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு வர வேண்டும். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கொலுசு, காலணி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கைக்குட்டையால் இறுகக் கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் இன்றும் நடக்கின்றன, என்னை மிகவும் வருத்துகின்றன. இறுகக் கட்டியதாலேயே கால் அழுகி இழந்தவர்கள் உண்டு. பாம்பைக் கொன்று எடுத்துவரவும் வேண்டாம். வெட்டுண்ட தலையும் சற்று நேரம் கடிக்கும்.

குழிவிரியனுக்குத் தனி மருந்து இல்லையே, போய் என்ன பயன் என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனையில் இரத்தத்தில் சிறிது எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் நீராக ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். சோதனை முதலில் சரியாக இருந்தாலும் அதை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும், சிறுநீரின் அளவையும் கவனிக்க வேண்டியிருக்கும். எனவே வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருத்துவர் அனுப்புமுன் வீடு திரும்பாதீர்கள்.