வின்ச்சில் போன விரலுக்கு எவ்வளவு? கேள்வி பதில்

1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் விபத்து வழக்கு நடத்துகிற வக்கீல் நான். நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த அளவில்.

பாம்பன்: 2024 ஆகஸ்டில் விசைப்படகு வின்ச்சில் கயிறு சுற்றும்போது கையுறை சிக்கி, வலது கை நடுவிரலும் மோதிர விரலும் அடியோடு போச்சு. வயசு 40. மாசம் 18,000 வரும். சம்மாட்டி (படகு முதலாளி) 50,000 தர்றேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கிறார்.

போடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். எவ்வளவு சம்பாதித்தாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள் (2020 ஜனவரி 3 முதல்). அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 184.17. பெருக்கினால் 16,57,530. வேலை செய்யவே முடியாமல் போனவருக்கு இந்த முழுத் தொகை. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம், அதாவது 3,31,506. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. வருடத்துக்கு 39,780 ஏறும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

தொண்டி: நான் 40,000 வாங்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டேனே?

ஆணையரிடம் பதிவு செய்யாத ஒப்பந்தம் முதலாளியைக் காப்பாற்றாது. முழு நட்டஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. அதோடு, ஆணையர் வேறு மாதிரி உத்தரவிடாதவரை, கொடுத்த 40,000-இல் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. இனிமேலாவது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராமேஸ்வரம், படகு உரிமையாளர்: பங்குக்கு வர்றவன் கூலிக்காரன் இல்லை, கூட்டாளி. டீசல் போக மிச்சத்தைப் பிரிச்சுக்கிறோம். நான் எதுக்குக் கட்டணும்?

கூட்டாளி என்றால் படகு விற்ற பணத்தில் பங்கு உண்டா? என்றைக்குக் கடலுக்குப் போவது, யாரை ஏற்றுவது என்று முடிவு செய்வது யார்? நீங்கள்தானே. இயந்திரத்தில் ஓடும் கலத்தின் மாலுமி இந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறார். கூலியைப் பங்காகக் கொடுத்தாலும் கூலிதான்.

மறுபடி அவரே: சரி. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் வருமானமே இல்லையே? வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 18,000 எங்கே வரும்?

நல்ல கேள்வி. ஆனால் பன்னிரண்டால் வகுப்பது வருடம் முழுக்கத் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு. இடையில் 14 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் போனால் தொடர்ச்சி அறுந்துவிடும். அப்போது கடைசியாகத் தொடர்ந்து வேலை பார்த்த நாட்களின் கூலியை அந்த நாட்களால் வகுத்து 30ஆல் பெருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் கிடந்தது கணக்கிலேயே வராது என்றுதான் நான் வாதாடுவேன். பங்கு எழுதும் நோட்டைக் கிழித்துவிடாதீர்கள், அது உங்களுக்கும் சாட்சி.

மண்டபம்: ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் விழுந்து தோள் தூக்க முடியலை. டாக்டர் 25 சதவீதம்னு எழுதியிருக்கார்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா? உண்டென்றால் முதலாளி மேல் வழக்கு நிற்காது, ஈஎஸ்ஐயில்தான் மாதாமாதம் வாங்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடம் ஊனத்தின் அளவை அல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று எழுதி வாங்குங்கள். இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சருக்கு, தச்சு வேலையே இனி முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் 100 சதவீதம் சரிதான் என்றது.

கீழக்கரை: கட்டைவிரலுக்கு எவ்வளவு?

தனியாக ஒரு விரல் மட்டும் போனால்: கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டுவிரலும் தலா 7. மேலே உள்ள கணக்கில் வயதையும் சதவீதத்தையும் மாற்றிப் பெருக்குங்கள்.

தேவிபட்டினம்: அண்ணனுக்குச் சுண்டுவிரல் போச்சு...

7. மேலேயே இருக்கிறது.

மண்டபம்: துபாயில் கால் போச்சு, இங்கே கேஸ் போடலாமா?

அந்த நாட்டுக் கம்பெனி என்றால் அந்த நாட்டுச் சட்டம். அதில் எனக்கு வேலை இல்லை.

ஏர்வாடி: 2025 நவம்பர் 21-இல் புதுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சே, கணக்கு மாறிடுச்சா?

60 சதவீதமும் வயதுக் காரணியும் அப்படியேதான் தொடர்கின்றன. அதற்கு முந்தைய விபத்துக்கு 1923 சட்டம்.

படகு உரிமையாளர்: இன்சூரன்ஸ் போட்டா எனக்குப் பாரம் குறையுமா?

குறையும், இந்த சீசனுக்கு முன்பே போடுங்கள். ஆனால் காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம். அது உங்கள் கைக்காசு. நட்டஈட்டை ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.