நாம் வேலை செய்யும் வேட்பாளரின் சுயசரிதையைப் பிரசார நேரத்திலேயே படிக்கலாமா?

தாராளமாகப் படியுங்கள். படித்தால் பக்தி முற்றிவிடும் என்பார்கள், இல்லையென்றால் குறைகள் தெரிந்து உற்சாகம் வடிந்துவிடும் என்பார்கள். எனக்கு இரண்டும் நடக்கவில்லை.

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், பாதிப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கம் உங்களை உறுத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படியென்றால் கண்டிப்பாக முடித்துவிடுங்கள்.

2024 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நான் கமலா ஹாரிஸுக்காக ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனேன். இருப்பது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் மாநிலம் பக்கத்துப் பென்சில்வேனியா. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் மாநிலவாரி வாக்குகளில், அதாவது எலக்டோரல் வாக்குகளில், அதற்கு 19. அதனால் வார இறுதியில் நாலைந்து பெண்கள் ஒரே காரில் பக்ஸ் கவுண்டிக்குப் போவோம். 2019இல் வந்த அவருடைய 'தி ட்ரூத்ஸ் வி ஹோல்ட்' புத்தகத்தை அந்த நாட்களில்தான் படித்தேன்.

"தமிழ்ப் பாசத்தில் ஓடினாயா?" என்று கேட்க வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. ஊரிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கோயில் பூஜைப் படங்கள்தான். புத்தகத்தில் இருப்பதோ ஓக்லண்ட், பெர்க்லி, கறுப்பினத்தவரின் தேவாலயம், பக்கத்து வீட்டு அம்மா. தன் பெண்களை இந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று அம்மா சியாமளா கோபாலனுக்குத் தெரிந்திருந்தது, அப்படியே தலைநிமிர வளர்த்தார் என்று கமலா எழுதுகிறார். அவரைப் பாதித் தமிழச்சி என்று மட்டும் கொண்டாடுகிறவர்கள் அந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

என்னை உலுக்கியது வேறு ஓர் இடம். சியாமளா 19 வயதில் தனியாக பெர்க்லிக்கு வந்து மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆனவர். அப்பேர்ப்பட்டவரை, பேசும் உச்சரிப்பைக் கேட்டே விவரமில்லாதவராக நடத்தியதையும், துணிக்கடையில் இவரால் எங்கே வாங்க முடியும் என்ற சந்தேகத்தோடு பின்னாலேயே ஆள் வந்ததையும் கமலா எழுதியிருக்கிறார். இங்கே வந்த புதிதில் கடையில், வங்கியில், டாக்டர் கிளினிக் போனில் நான் பட்டது அத்தனையும் அந்த ஒரு பத்தியில் இருந்தது. வாய்விட்டு அழுதேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

மறுநாள் ஒரு வீட்டில் பெல் அடித்தேன். வயதான ஒருவர் கம்பிக்கதவைத் திறக்காமலே நான் சொன்னதைக் கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "இந்தப் பெண் என்ன பேசுகிறதென்றே புரியவில்லை, நீ வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். வேறு நாளாக இருந்தால் தொண்டை அடைத்திருக்கும். அன்று, அந்த அம்மா வந்ததும் அதே வாக்கியங்களை அதே உச்சரிப்பில் முதலிலிருந்து சொன்னேன். மருந்து விலையைப் பற்றிக் கேட்டார், பேசினோம். துண்டறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டார். (தபால் பெட்டியில் போடக்கூடாது, இங்கே சட்டவிரோதம். புதிதாக வருபவர்கள் கவனிக்கவும்.) வீடு வீடாகப் போகிறவர்கள் பதில்களைக் குறித்துக்கொள்ளும் மினிவேன் என்ற போன் ஆப்பில் 'முடிவு செய்யவில்லை' என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைப் பற்றி வாசலில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கான தெம்பு, ஓட்டுக் கேட்க அல்ல.

குறையே தெரியவில்லையா என்றால், தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தபோது, பிள்ளைகள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர்மேல் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்த திட்டத்தைப் புத்தகத்தில் நியாயப்படுத்துகிறார். நான் ஏற்கவில்லை. ஏழைத் தாயை கோர்ட்டுப் படி ஏறவைப்பது தப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்காக வீடு வீடாகப் போவதை நிறுத்தவில்லை. கூடப் பிறந்த அண்ணனோடு உடன்படாத விஷயங்களே ஆயிரம் இருக்கின்றன.

"ஓட்டே இல்லாதவளுக்கு எதற்கு இந்த வேலை?" என்று சொந்தத்திலேயே கேட்டார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் இங்கே தேர்தலுக்கு நன்கொடை தரக்கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக உழைக்கத் தடையில்லை. கிரீன் கார்டு ஏன் இல்லை என்று கேளுங்கள். வருடத்துக்குத் தரும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று ஒரு வரம்பு. குட்டி நாட்டுக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. அதை வேலைவழி விசாக்களுக்கு நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-65 என்று நிறைவேறியது. செனட்டில் குடியரசுக் கட்சியின் மைக் லீயோடு சேர்ந்து அதைக் கொண்டுவந்தவர் இதே கமலா. 2020 டிசம்பரில் செனட்டும் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டு அவைகளும் ஒரே வடிவத்துக்கு வராமல் அது அப்படியே காலாவதியானது. என் பையனுக்கு 21 வயதானால் எங்கள் விசாவின் கீழ் இருக்க முடியாது. இங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, மாணவர் விசாவுக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எந்த டிவி விவாதத்திலும் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொள்கை அத்தியாயங்களை வாரநாளில் நிதானமாகப் படியுங்கள். வாசலில் பேச பிரசார அலுவலகம் தரும் ஒரு பக்கத் தாள் போதும். அம்மா, வீடு, தோற்றுவிடுவோமோ என்று பயந்த தேர்தல்கள், இவை வருகிற பக்கங்களைக் கிளம்புவதற்கு முந்தைய இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கமலா புத்தகத்தில் என்றால், சியாமளா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தல் போட்டியைப் பற்றி மகளிடம் விசாரிக்கும் இடம். எதிராளிகள் என்னை வீழ்த்திவிடுவதாகச் சொல்கிறார்கள் என்று மகள் சொன்னதும், திரும்பிப் பார்த்துப் பெரிதாகச் சிரிக்கிறார் அந்த அம்மா.