தூண்டில் நரம்பு எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள்

கேள்வி: மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊர், ராமேஸ்வரம் பக்கம் இருக்கும் மண்டபம். சின்ன வயதில் கைத்தூண்டில் போட்ட ஆசையில் மறுபடி கடற்கரைக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். மகன் 9 அடி கார்பன் ராடும் (தூண்டில் கழி), நரம்பு சுற்ற ஒரு ரீலும் வாங்கித் தந்தான். 15 எல்பி (15 பவுண்டு இழுப்பு தாங்கும்) நைலான் நரம்பு சுற்றி, 80 கிராம் ஈயம் கட்டி வீசுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை நரம்பு அறுந்து ஈயம், முள் எல்லாம் போய்விடுகிறது. சில நாள் வீசும்போதே அறுகிறது, சில நாள் மீன் இழுக்கும்போது. கடையில் கேட்டால் விலை கூடிய நரம்பு வாங்கச் சொல்கிறார்கள். அறுந்ததைத் திரும்பக் கட்டுவது அதைவிடச் சிரமம். கண் சரியாகத் தெரியவில்லை, விரலும் முன்போல் வளைவதில்லை. நரம்பை மாற்றுவதா, ராடை மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். அடுத்த தடவை அறுந்ததும், மிச்சம் இருக்கும் நரம்பின் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏன் அறுந்தது என்பது அந்த நுனியிலேயே இருக்கும்.

நுனி சுருள் சுருளாக வளைந்திருந்தால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு நழுவி அவிழ்ந்திருக்கிறது. நுனியும் அதற்கு மேலே ஒரு முழமும் வெள்ளை பூத்து, நகத்தால் வருடினால் சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ பாரிலோ (கடலடிப் பாறை) உரசியிருக்கிறது. மண்டபத்துக் கரையில் அது சகஜம், அந்த ஒரு முழத்தை வெட்டி எறிந்தால் போதும். சொரசொரப்பு ஒரு முழத்தோடு நிற்காமல் பத்து, இருபது அடிக்கு மேலேயும் இருந்தால் குற்றம் கடலில் இல்லை, உங்கள் ராடில். நரம்பு ஓடுகிற வளையங்களில் ஏதோ ஒன்று அதை அறுத்துக்கொண்டிருக்கிறது. நரம்பு முழுக்க வழவழப்பாக இருந்து பட்டென்று துண்டானால், அது தாங்குவதற்கு மேல் பாரம் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குக் கடைசி இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்று நினைக்கிறேன். எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து வீசுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 எல்பி நரம்பு. ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். உங்களுடைய 15 எல்பி நரம்பு இந்தக் கணக்கில் 42 கிராம் வரைதான் வீசத் தாங்கும். நீங்கள் கட்டுவது அதைப்போல இரண்டு மடங்கு. ராடை வேகமாகச் சுழற்றி வீசும் அந்த நொடியில் ஈயம் நரம்பை இழுக்கும் இழுப்பு, மீன் இழுப்பதைவிடப் பெரிது. 80 கிராமைத்தான் வீசுவேன் என்றால், நரம்பின் முன்பகுதியில் 30 எல்பி நரம்பை ராடின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு இணைக்க வேண்டும். வீசும்போது அந்தக் கனத்த நரம்பு ரீலில் சில சுற்று சுற்றியிருக்க வேண்டும், அப்போதுதான் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஈயத்தை 40 கிராமாகக் குறைத்துவிடுவேன். உங்கள் ஊர் வடகடல் (பாக் விரிகுடா) கரை ஆழமில்லாதது, புல் படுகை நிறைந்தது. கிழங்கானும் ஓராவும் தேடுகிற இரை கரைப்பக்கமே இருக்கிறது. நூறு மீட்டர் வீச வேண்டிய தேவையே இல்லை. தோள்பட்டைக்கும் நல்லது. அறுந்து பறக்கிற ஈயம் ஆளைக் கொன்றுவிடக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். கரையில் பிள்ளைகள் விளையாடுவார்கள், பின்னால் பார்த்துவிட்டுத்தான் வீச வேண்டும்.

இனி வளையம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் பழுது பார்க்க வருகிற ராடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். கைடு என்று கடையில் சொல்லும் ஒவ்வொரு வளையத்திலும் எவர்சில்வர் சட்டம் ஒன்று, அதற்குள்ளே பீங்கான் போன்ற ஒரு வட்டம். நரம்பு தொடுவது உள்வட்டத்தை மட்டும்தான். அந்த வட்டம் ரொம்பக் கடினமானது, அதனால் நரம்பு ஓடி ஓடித் தேயாது. ஆனால் கடினமானது எதுவும் அடிபட்டால் விரிசல் விடும். ஆட்டோவில் ராடின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது எங்கோ இடித்தாலும் போதும், சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்தாலும் போதும். முடி அளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நரம்புக்கு அது கத்தி.

கண்டுபிடிக்க நல்ல கண் வேண்டியதில்லை. காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு நூல் நூலாக மாட்டிக்கொள்ளும். நுனி வளையத்தை இரண்டு தடவை பாருங்கள். நரம்பு அதிகமாக மடங்கி உரசுவது அங்கேதான். சட்டத்துக்குள் வட்டம் ஆடுகிறதா என்று நகத்தால் தள்ளியும் பாருங்கள். கடைசியாக வளையத்தின் கால் ராடோடு சேரும் இடம். அங்கே பழுப்பாகக் கறை தெரிந்தால் உப்பு உள்ளே போய்விட்டது.

நுனி வளையத்தை நீங்களே மாற்றலாம். மின்கம்பத்தில் நின்று வேலை பார்த்த கைக்கு இது ஒன்றும் பெரிதில்லை. பழையதைக் கழற்றக் கொதிக்கிற தண்ணீர் போதும். ஒரு டம்ளரில் ஊற்றி, வளையத்தின் உலோகக் குழாயை அரை நிமிஷம் முக்குங்கள். உள்ளே இருக்கும் பசை இளகும். துணியால் பிடித்து நேராக இழுங்கள், முறுக்கக் கூடாது. கார்பன் இழைகள் பெரும்பாலும் ராடின் நீளவாக்கில்தான் ஓடுகின்றன, முறுக்கினால் பிளந்துவிடும். தண்ணீருக்கு அசையவில்லை என்றால் லைட்டர் சுடரைக் குழாயின் மேல் மட்டும் இரண்டு மூன்று நொடி காட்டலாம். ராடின் மேல் சுடர் பட்டால் அந்த இடம் வலுவிழந்துவிடும்.

புது வளையம் வாங்கும்போது கழற்றிய பழையதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். குழாயின் உள்விட்டம் பொருந்த வேண்டும். சற்றுத் தொளதொளவென்று இருந்தால் நுனியில் இரண்டு சுற்று தையல்நூல் சுற்றிச் சரிசெய்யலாம். இறுக்கமாக இருக்கிறதே என்று ராடின் நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஒட்டுவதற்குச் சூடாக்கினால் உருகுகிற பசைக் குச்சியே சரியானது. உடனே ஒட்டும் சிறு குப்பிப் பசை சீக்கிரம் உடையும், வளையத்தை நேர்படுத்த நேரமும் தராது. இரண்டு குழம்பைக் கலந்து ஒட்டுகிற பசை போட்டால் அடுத்த முறை கழற்றுவது கடினம். பசை ஆறுவதற்குள் ரீல் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எல்லா வளையங்களோடும் நேர்கோட்டில் திருப்பி வைத்துவிடுங்கள்.

கடையில் சிலிக்கான் கார்பைடு வட்டம் உள்ளதைக் காட்டுவார்கள், விலை கூடுதல். பின்னல் நரம்பு போட்டு, வேகமாக ஓடும் பெரிய மீன்களைப் பிடிக்கிறவர்களுக்கு அது பயன்படும், சூட்டை நன்றாகக் கடத்தும். நைலான் போடுகிற உங்களுக்கு அலுமினியம் ஆக்சைடு வட்டமே போதும். நடுவில் உள்ள வளையம் உடைந்திருந்தால் அது நூல் சுற்றி மேலே பூச்சு போட்ட வேலை, பழகியவரிடம் கொடுங்கள். இன்னொன்று, நடக்கும்போது முள்ளைக் கொண்டுபோய் வளையத்துக்குள் மாட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பீங்கான் வட்டத்தைச் சில்லுச் சில்லாக உடைப்பது அதுதான். ரீலுக்கு மேலே முள் மாட்டவென்றே சிறு கொக்கி இருக்கும், இல்லாவிட்டால் வளையத்தின் கால்பகுதியில் மாட்டுங்கள்.

மீன் இழுக்கும்போது அறுவதற்கு ரீலின் டிராக்கையும் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம்) பார்க்க வேண்டும். 15 எல்பி என்றால் 6.8 கிலோ. அதில் கால் பங்கு, அதாவது ஒன்றே முக்கால் கிலோ இழுப்புக்கே நரம்பு கழன்று கொடுக்க வேண்டும். ஒரு கைத்தராசை நரம்பு நுனியில் மாட்டி, ராடைத் தூக்கிப் பிடித்து, வீட்டில் ஒருவரை இழுக்கச் சொல்லி அளந்து வைத்துவிடுங்கள். கையால் இழுத்துப் பார்த்து வைத்தால் சரியான அளவு தெரியாது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள். பலன் இல்லை, நரம்புதான் முறுக்கேறும்.

சரி, கண்ணும் விரலும். இதை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் விஷயம். எனக்கு 68 வயது. தூத்துக்குடியில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தேன். ஓய்வுக்கு அப்புறம் இரண்டு வருஷம் இதே அவஸ்தை. அதிகாலை இருட்டில், காற்றில் நரம்பு ஆட, முள்ளின் காதில் நுனி நுழையாமல் எத்தனையோ நாள் பாதியில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பிறகு கரையில் முடிச்சே போடுவதில்லை என்று முடிவு செய்தேன். முடிச்செல்லாம் வீட்டில், மத்தியான வெளிச்சத்தில், மேசையில். கரையில் மாட்டுவது, கழற்றுவது மட்டும்.

அதற்கு உதவுவது ஸ்விவலும் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் சிறு இணைப்பு) அதோடு வரும் கிளிப்பும். முதன்மை நரம்பில் முதலில் ஓட்டை ஈயத்தைக் கோத்து, ஒரு பாசிமணி போட்டு, நுனியில் கிளிப் வைத்த ஸ்விவலைக் கட்டுங்கள். பிறகு ஒன்றரை அடி நரம்பில் ஒரு முனையில் முள், மறுமுனையில் சின்னக் கண்ணி. இப்படிப் பத்துத் துண்டு கட்டி, பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி அதில் சுற்றி, முள்நுனியை ரப்பரில் குத்தி வைத்துவிடுங்கள். கரையில் ஒன்று போனால் இன்னொன்றை எடுத்துக் கிளிப்பில் மாட்ட அரை நிமிஷம்கூட ஆகாது. கிளிப் பெரியதாக இருந்தால் விரலுக்கு எளிது, மீன் அதைப் பார்த்து ஓடிவிடாது.

கிளிப் வாங்குவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்விவல் உடைந்து நான் பார்த்ததே குறைவு, கிளிப் விரிந்துதான் மீன் போகும். ஊக்கு மாதிரித் தகட்டுக்குள் செருகுகிற வகை வலு குறைந்தது. கம்பியின் நுனி வளைந்து கம்பியையே கொளுவிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். பெயர் இல்லாத பொட்டலத்தில் வாங்கிய கிளிப் ஒன்று நேராக நிமிர்ந்து, கால் பக்கம் வரை வந்த பாறை மீனை நான் விட்டிருக்கிறேன். அன்று முதல் புதுப் பொட்டலம் வாங்கினால் ஒன்றை எடுத்துக் கைத்தராசில் மாட்டி நரம்பின் பலம் வரை இழுத்துப் பார்த்துவிடுகிறேன்.

முடிச்சுக்குப் பாலோமர் முடிச்சைப் பழகிக்கொள்ளுங்கள். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் விட்டு, ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, கண்ணிக்குள் முள்ளையே நுழைத்து இழுப்பதுதான் அது. ஆறேழு சுற்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பலமும் நல்லது. இறுக்கும் முன் தண்ணீரில் நனையுங்கள், உலர்வாக இழுத்தால் உரசிச் சூடாகி நைலான் கெடும். மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் நரம்பு கண்ணுக்குத் தெரியும். பிளந்த ஈயத்தைப் பல்லால் கடித்து மூடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஈயம் நஞ்சு. குறடு பிடியுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

முள்ளில் சர்க்கிள் ஹூக் (நுனி உள்நோக்கி வளைந்த முள்) வாங்கிப் பாருங்கள். மீன் கடித்ததும் வெடுக்கென்று சுண்ட வேண்டியதில்லை, சுண்டவும் கூடாது. நிதானமாக ரீலைச் சுற்றினால் வாய் ஓரத்தில் தானாகக் கொளுவும். கை வேகம் குறைந்த நமக்கு அது பெரிய உதவி, குடலில் முள் பெரும்பாலும் மாட்டாததால் சின்ன மீனை உயிரோடு விடவும் முடியும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, ரீல் மேலும் வளையங்கள் மேலும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போகும். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காய வையுங்கள். ராடு இணையும் இடத்தில் மெழுகுவத்தியைக் கொஞ்சம் தேய்த்தால் சிக்கிக்கொள்ளாது. நனைந்த முள்ளைப் புது முள்ளோடு போடாமல் தனி டப்பாவில் போடுங்கள்.

கார்பன் ராடு மின்சாரம் கடத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பிக்குக் கீழே எத்தனை பேர் 9 அடி ராடைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள் என்று பார்த்தால் நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள்.

சர்க்கரை இருந்தால் செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். காலில் பட்ட கீறல் தெரியாமலே புண்ணாகிவிடும். ஓரா, கடல் கெளுத்தி இரண்டின் முள்ளிலும் விஷம் உண்டு, மீனைக் குறடால் பிடித்தே கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி குறையும், அந்த விஷம் சூட்டில் கெட்டுவிடும். நான் டீ பிளாஸ்க்கோடு வெந்நீருக்கும் ஒரு பிளாஸ்க் வைத்துக்கொள்கிறேன். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்களுக்கு வாய்த்த ஊர் எனக்கு வாய்க்கவில்லை. வாடை வீசி வடகடல் கலங்கினால் தென்கடல் (மன்னார் வளைகுடா) அமைதியாக இருக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது வடகடல் பக்கம் போகலாம். வருஷம் முழுக்க நடக்கும் தூரத்தில் ஏதாவது ஒரு கரை கிடைக்கும். தீவுகளுக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை.

இன்று சாயங்காலமே பஞ்சுக் குச்சியை எடுத்து நுனி வளையத்திலிருந்து தொடங்குங்கள். எந்த வளையத்தில் மாட்டியது, அதற்கு நேரே நரம்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நூல் சுற்றிக் கட்ட வேண்டியதாக இருந்தால் அதைப் படிப்படியாக அடுத்த பதிலில் சொல்கிறேன்.