சிலருக்கு மட்டும் கேட்கும் மர்ம ஒலி: உண்மையா, மனப்பிரமையா?

உங்கள் அக்காவுக்கு இரவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை, இது மனப்பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். நாங்கள் அம்மாவை ஐந்து மாதம் நம்பாமல் இருந்தோம். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் டவுன். அன்றைய மலாயாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனையை 1917-இல் முதன்முதலாக வணிகப் பயிராக நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இன்றும் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அம்மா முப்பது வருடம் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுப்பதற்கு, எழுந்து பழகிய உடம்பு. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் விடியற்காலை நாலு மணிக்கு விழித்துவிடுவார். அந்த நேரத்தில்தான் அது கேட்க ஆரம்பித்தது. “தூரத்துல லாரி இன்ஜின் ஓடிக்கிட்டே நிக்குற மாதிரி இருக்குய்யா. சுவத்துக்குள்ளேருந்து வருது” என்றார்.

நானும் மனைவியும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டோம். ஒன்றுமில்லை. பெரியம்மா முனியாண்டி கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கிவந்து கட்டினார். தம்பி, வயசாகிவிட்டது என்று முடித்துவிட்டான். அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஹாலில் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, “இங்க சத்தம் இல்ல” என்றார். விஷயமே அந்த வார்த்தையில்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இந்த மாதிரி ஒலி உலகத்தில் பல ஊர்களில் பேசப்பட்டது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் தாவ்ஸ் என்ற சிற்றூரில் 1993-இல் ஆய்வாளர்கள் கருவிகளோடு போய் இறங்கினார்கள். விசாரித்தவர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேர் தங்களுக்குக் கேட்பதாகச் சொன்னார்கள். கருவிகளில் மட்டும் அதற்கான மூலம் சிக்கவே இல்லை. கனடாவின் விண்ட்சர் நகரத்துக் கதை வேறு. அங்கே 2011 முதல் ஜனங்கள் முறையிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில், அமெரிக்கப் பக்கத்து ஸக் தீவில் இருந்த இரும்பு உலைகளை 2020-இல் நிறுத்தினார்கள், இரைச்சலும் நின்றது. ஆக, ஒலி வெளியிலும் இருக்கலாம், காதுக்குள்ளும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் ஒரு நாள் விடியற்காலை எழுந்து மெயின் சுவிட்சை அடைத்தேன். காற்றாடி, ஐஸ்பெட்டி எல்லாம் நின்றன. அம்மா, “இன்னும் இருக்கு” என்றார். சரி, வீட்டு மின்சாரம் இல்லை. அப்புறம் ஈப்போ நகரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அம்மாவை அழைத்துப்போய் மூன்று இரவு தங்கவைத்தோம். அங்கே கேட்கவில்லை. காது சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஈப்போவுக்கும் கூடவே வந்திருக்க வேண்டும். செவிப் பரிசோதனையும் செய்தோம். உச்ச சுருதி ஒலிகள் வயதுக்கேற்பக் குறைந்திருந்தன. கீழ் சுருதி நன்றாகவே கேட்டது. ஹரி ராயா பெருநாளுக்கு எங்கள் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் மில் அடைத்த நாட்களில் அம்மா தன் அறையிலேயே அசந்து தூங்கினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். கொதிகலனின் பெரிய காற்றாடிகள் எழுப்பும் தாழ்ந்த ஒலியைச் சுவரும் மரமும் அவ்வளவாகத் தடுக்காது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து கீழே திரும்பும், இன்னும் தூரம் போகும். பகலில் இருக்கும் மோட்டார் சத்தமும் அப்போது கிடையாது. ஹாலில் கேட்காமல் அறையில் கேட்டதற்கும் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அறை அதில் பாதி, அதாவது 3.5 மீட்டர் இருந்தால், ஒலி சுவருக்குச் சுவர் மோதிச் சுவரோரத்தில் பெருகும், நடுவில் தேய்ந்துபோகும். அம்மாவின் அறை கிட்டத்தட்ட அந்த அளவுதான். தலைமாடு சுவரை ஒட்டி இருந்தது. தாழ்ந்த ஒலியை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமாவுக்கு நேர்மாறு. கித்தா ஃபேக்டரியில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவர். அவருக்கு எந்த ஊருக்குப் போனாலும் ‘கீ’ என்று கேட்கும். அது காதிரைச்சல். அதுவும் பிரமை அல்ல, சத்தத்தில் அடிபட்ட காதின் வேலை. காதுக் கருவி போட்ட பிறகு அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

உங்கள் அக்காவையும் இரண்டு மூன்று இரவு வேறு ஊரில் தங்கச் சொல்லிப் பாருங்கள். எந்த இரவு, எத்தனை மணி, எந்த மூலை என்று எழுதிவைக்கட்டும். ஒரே காதில் மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாங்கள் கட்டிலை இழுத்து, தலைமாடு அறையின் நடுவே வருமாறு போட்டோம். அம்மா இப்போது அறையில்தான் தூங்குகிறார். எனக்கு அந்தச் சத்தம் இன்றுவரை கேட்டதில்லை. சில நாள் காலையில், “ராத்திரி லேசா ஓடுச்சுய்யா” என்பார். பசியாறிவிட்டு வெளியே வந்தால் செம்பனைக்கு மேலே மில் புகை தெரியும்.